வலைப் பக்கம் அரை முழம்

எந்த ஆட்டக்காரனை இறக்குவது என்று கோச் முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்த வேலையை நிழல் பார்க்கிறது. கோச்சுக்கு மிச்சமிருப்பது விசில் ஊதுவதும் தோற்றால் ஊரிடம் திட்டு வாங்குவதும்தான்.

நிழல் என்பது மந்திரம் ஒன்றும் இல்லை. ஆட்டக்காரர்களின் பனியனில் சின்னச் சின்னப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். அவர்கள் ஓடுவது, குதிப்பது, மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் அவை வருடக்கணக்கில் பதிந்துகொள்ளும். அதை வைத்துக் கணினிக்குள் ஆளுக்கொரு நிழல் ஆளைச் செய்வார்கள். அந்த நிழல்களை ஆயிரக்கணக்கான முறை மோதவிட்டு, இன்னாரை இறக்கினால் ஜெயிக்க இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லிவிடுவார்கள். ஊர் அதை நம்பர் என்று சொல்லும். நம்பரை லீக்கின் பலகையில் எல்லோரும் பார்க்கப் போடவேண்டும் என்பது விதி. இந்தக் கதைக்கு முந்தின வருடம் இருந்த எங்கள் கோச் நம்பரை மீறி ஒருவனை இறக்கித் தோற்றார். அவர் தங்கியிருந்த லாட்ஜுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் செருப்பு மாலையோடு போனார்கள். பின்வாசல் வழியாக ஓடித்தான் அவர் பஸ் ஏறினார்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. டீமின் பெயர் முத்துநகர் அலைகள். ஆட்டம் வாலிபால். அந்த வருடம் முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தோம். அதுவும் எங்கள் ஊர் அரங்கத்திலேயே நடக்கப்போகிறது. ஆனால் யாருக்கும் நிம்மதி இல்லை. செட்டராக யார் இறங்குவது, ரெமிஜியுஸா பேச்சிராஜாவா என்று டீக்கடை தோறும் சண்டை நடந்தது.

வாலிபாலில் செட்டர்தான் டீமின் மூளை. எதிராளி அடிக்கும் பந்தைப் பின்னால் நிற்கிற ஒருவர் கையில் வாங்கி செட்டருக்கு அனுப்புவார். செட்டர் அதை விரல் நுனியில் ஏந்தி, அடிப்பவருக்குத் தூக்கிக் கொடுப்பார். யாருக்குக் கொடுக்கப்போகிறார் என்பது கடைசி நொடிவரை எதிராளிக்குத் தெரியக்கூடாது. ரெமிஜியுஸ் மச்சாது பதினைந்து வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தார். வயது முப்பத்தாறு. கடந்த நாலு வருடமாக அவருக்கு ஒரு தனி பாணி வந்திருந்தது. கழுத்தை இடப்பக்கம் திருப்பி, லேசாகச் சாய்த்து, பந்தை ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல வாங்குவார். பத்திரிகைகள் அதற்கு ‘ரெமி சாய்வு’ என்று பெயர் வைத்தன. கடற்கரையில் பந்து விளையாடும் சின்னப் பிள்ளைகள் எல்லாம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு திரிந்தார்கள். ஆட்டோக்களின் முதுகில் சாய்ந்த கழுத்தோடு அவர் படம் இருந்தது. கல்யாண வீட்டு போட்டோவுக்குக்கூடச் சில மாப்பிள்ளைகள் அப்படி நின்றார்கள்.

பேச்சிராஜாவுக்கு வயது பத்தொன்பது. திசையன்விளைக்காரன். அந்த வருடம்தான் டீமுக்கு வந்தான். கையில் பந்து நிற்பதே தெரியாது, அவ்வளவு வேகம். அவனுடைய மாமா இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே பஸ் ஸ்டாண்டில் அவன் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். அவனைத்தான் இறக்குவார்கள் என்று அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

நம்பர் எடுப்பது அனுசுயாவின் வேலை. கோவில்பட்டிக்காரி, எனக்கு அத்தை மகள். வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர எதுவும் வராது என்பதால் சொந்தக்காரர்களுக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் பயம். நான் இங்கே சொல்கிறதில் பாதி அவள் சொன்னது, மீதி நான் அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்தது.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் மதியம் அவள் கோச் மாதேஸ்வரனிடம் போனாள். அவர் சேலத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர்.

“ரெமிஜியுஸ் இறங்கினா நாப்பத்து நாலு சார். பேச்சிராஜா இறங்கினா அம்பத்தெட்டு.”

மாதேஸ்வரன் நெற்றியைத் தேய்த்தார். “ரெமிய இந்த ஊர்ல உக்கார வெச்சுட்டு நான் முழுசா சேலம் போய்ச் சேருவனாங்க? நம்பர் பக்கம் போனா ஊர் அடிக்கும். ஊர் பக்கம் போனா நம்பர் அடிக்கும். என்னதான் பண்றது?”

“மூணாவதா ஒன்னு இருக்கு சார். அதுல ரெமிஜியுஸ்தான் செட்டர். ஆனா அறுபத்தேழு வருது.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அனுசுயா விளக்கினாள். ரெமிக்கு நம்பர் குறைவாக வருவதற்கு ரெமி காரணம் இல்லை. மற்ற ஐந்து பேர்தான் காரணம். அவர்கள் வாங்கி அனுப்பும் பந்து செட்டருக்கு நேராக வருவதில்லை. எல்லோருடைய பந்தும் அரை முழம் தாண்டி, வலைப் பக்கமாக விழுகிறது. வலையை ஒட்டி விழும் பந்தை நினைத்த திசைக்கெல்லாம் திருப்பிவிட முடியாது. அதனால் அது எங்கே போகும் என்று எதிராளி முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடுகிறான். பந்து நேராக வந்தால் ரெமியை யாராலும் பிடிக்க முடியாது என்று நிழல் சொல்கிறது.

“எல்லாருக்கும் ஒரே மாதிரி கோளாறா?”

“பழக்கக் கோளாறுன்னு நிழல் சொல்லுது. கைப்பட்டை கட்டினா சரியாயிரும்.”

கைப்பட்டை என்பது மணிக்கட்டில் கட்டும் ஒரு வார். பந்து போகவேண்டிய வழியிலிருந்து விலகினால் சுருக்கென்று குத்தும், கூடவே சிவப்பாக எரியும். அடுத்த பந்து வரும்வரை அந்தச் சிவப்பு அணையாது. யார் தப்பு செய்தார்கள் என்று கோச் வெளியில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம். லீக் அதை அனுமதித்திருந்தது. மாதேஸ்வரனுக்கு முகம் தெளிந்துவிட்டது. ஊரும் நம்பரும் ஒரே ஆளைச் சொல்வது அவருக்குக் கிடைத்த வரம். அந்த நிமிடமே அறுபத்தேழைப் பலகையில் போடச் சொல்லிவிட்டார்.

அன்று மாலை பயிற்சியில் எல்லோருக்கும் பட்டை கட்டினார்கள். ரெமிக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்ததால் அவர் இடத்தில் பேச்சிராஜா நின்றான். ஒரு மணி நேரம் ஆடினார்கள். ஒரு பட்டைகூடச் சிவக்கவில்லை. பந்துகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி பேச்சிராஜாவுக்கு நேராக வந்தன.

“பாத்தீங்களா, பட்டைன்னதும் சரியாயிடுச்சு,” என்றார் மாதேஸ்வரன்.

அனுசுயாவுக்கு அது உறுத்தியது. பழக்கம் என்றால் ஒரு தடவையாவது கை தவறியிருக்க வேண்டும். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நயினார் பக்கத்தில் வந்து நின்றான். ஆறுமுகநயினார்தான் பின்வரிசையில் அதிகப் பந்து எடுப்பவன். எட்டு வருடமாக ரெமியோடு ஆடுகிறவன்.

“மேடம், இத நாளைக்கும் கட்டணுமா?”

“ஆமா.”

“ரெமி அண்ணன் நிக்கும்போதுமா?”

“அதுக்குத்தான கட்டுதோம்.”

நயினார் பட்டையைத் திருகிக்கொண்டே நின்றான். “அது வேண்டாம் மேடம். நாங்க எப்பமும் போடுதமாரியே போடுதோம். விட்டுருங்க.” காரணம் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டான்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. மைதானத்தில் பேச்சிராஜா தனியாகப் பந்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தனக்கு நாளைக்கு வேலை இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் போய், ஏன் அப்படிக் கழுத்தைச் சாய்க்கிறாய், நேராகப் பார்த்தால் பந்து இன்னும் சீக்கிரம் கண்ணில் படுமே என்று கேட்டாள்.

“ரெமி சாய்வு மேடம்,” என்று வெட்கமாகச் சிரித்தான். “மொதல்ல கழுத்து வலிக்கும். பழகிட்டா ஸ்டைலா இருக்கும்.”

“இதுல என்ன லாபம்?”

“லாபம்லாம் ஒன்னும் கெடையாது. இடது கண்ணுல பந்து தெரியாது, அவ்வளவுதான்.”

அதைச் சொன்னவன் பந்தைத் தூக்கிப் பிடிக்கப் போய்விட்டான். அனுசுயா நின்ற இடத்திலேயே நின்றாள்.

மறுநாள் காலையில் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். ஐந்து வருடத்துக்கு முந்தைய ரெமி கழுத்தை நேராக வைத்துத்தான் ஆடினார். சாய்வு வந்தது நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு பந்து முகத்தில் விழுந்து அவர் மூன்று மாதம் ஆடாமல் இருந்த பிறகு. செட்டர் வலைக்கு வலது தோளைக் காட்டி நிற்பவர். பின்னாலிருந்து வரும் பந்து எல்லாம் அவருக்கு இடப்பக்கம்தான் வரும். அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு அவருக்கு நேராகவோ இடப்பக்கமோ வந்து விழுந்த பந்துகளைத் தேடினாள். கைவிரலில் எண்ணிவிடலாம் போலிருந்தது. மற்றதெல்லாம் தாண்டி, வலைப் பக்கமாக, வலது கண் பார்க்கிற இடத்தில் விழுந்திருந்தன.

ஆட்டம் மாலை ஐந்து மணிக்கு. மதியம் அவள் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்குப் போனபோது ரெமி தனியாக உட்கார்ந்து விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் ஒரு டீயை அவருடைய இடப்பக்கம் பெஞ்சில் வைத்தாள்.

“அண்ணாச்சி, டீ.”

“எங்கன?”

“பக்கத்துலதான் இருக்கு.”

அவர் வலப்பக்கம் பார்த்தார். முன்னால் பார்த்தார். பிறகு கழுத்தை மெதுவாக இடப்பக்கம் திருப்பிச் சாய்த்தார். டீ அகப்பட்டது. அதை எடுக்காமல் அவளைப் பார்த்தார்.

“எப்பம் கண்டுபிடிச்ச பிள்ள?”

“இன்னைக்குத்தான்.”

“கண்ணுக்குள்ள திரை பிரிஞ்சிட்டுன்னாவ. மதுரையில ஆப்பரேசன் பண்ணியும் பார்வ வரல. வீட்டுல மட்டும் தெரியும்.” அவர் மறுபடி டேப் சுற்ற ஆரம்பித்தார். “வருசா வருசம் டாக்டர் வந்து ஒரு அட்டையக் காட்டி வாசிக்கச் சொல்லுவாரு. ஒரே அட்டைதான். மனப்பாடம் பண்ணிட்டேன்.”

“டீம்ல யாருக்கும் தெரியாதா?”

“பயலுவளுக்குத் தெரியவே தெரியாது,” என்றார். அந்தக் குரலில் பெருமை இருந்தது. “தெரிஞ்சா பாவம் பாப்பானுவ. எனக்கு அது ஆவாது.”

“அப்ப எப்படி அண்ணாச்சி ஆடுதிய?”

ரெமி சிரித்தார். “அதுதான் அதிசயம். கண்ணு போனதும் எல்லாம் முடிஞ்சிட்டுன்னு நெனச்சேன். கோயில்ல போயி மாதா முன்னால உக்காந்து அழுதேன். வேற ஒன்னும் கேக்கல பிள்ள, பந்த மட்டும் குடும்மான்னு கேட்டேன். அன்னையிலருந்து பாத்துக்கோ, எவன் எடுத்தாலும் பந்து எனக்குத் தோதா வலப்பக்கம் வந்து விழுது. நாலு வருசமா. ஒரு கண்ண எடுத்தவ பந்தக் குடுத்துட்டா.”

உண்மையை மட்டுமே பேசுகிற அனுசுயாவுக்கு வாய் வரவில்லை. இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அந்த மனிதனிடம் போய், மாதா இல்லை, நயினாரும் மற்றவர்களும்தான் என்று எந்த வாயால் சொல்வது?

“இன்னைக்கு ஒருநாள் நல்லபடியா ஆடிட்டேன்னா போதும்,” என்றார் ரெமி. “ஜெயிச்சாலும் தோத்தாலும் இதோட நிறுத்திக்கிடுதேன். ஆடித்தான் நிறுத்தணும், உக்காந்து நிறுத்தக்கூடாது. யார்ட்டயும் சொல்லிராத.”

அவள் நேராக மாதேஸ்வரனிடம் போனாள். கண்ணைப் பற்றி அவரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

“அறுபத்தேழு தப்பு சார். நிழல் ரெமிக்கு ரெண்டு கண்ணும் இருக்கு. நம்ம ரெமிக்கு ஒன்னுதான்.”

“நிழலுக்கு எப்படிங்க தெரியாமப் போகும்? மூச்சு விடறதைக்கூட எண்ணுது.”

“வந்த பந்தத்தான் அது எண்ணும். நாலு வருசமா அந்தப் பக்கம் பந்து வரவே இல்ல. வராத பந்த அவர் எடுப்பாரா விடுவாரான்னு அதுக்கு எப்படித் தெரியும்? வலப்பக்கம் எடுக்கிற மாதிரியே இடப்பக்கமும் எடுப்பார்னு நெனச்சுக்கிட்டிருக்கு. மத்தவங்க வேணும்னேதான் அப்படிப் போடுதாங்க சார். கோளாறுன்னு நிழல் சொன்னது அதத்தான். இன்னைக்குப் பட்டை கட்டி நேரா போட வச்சா, பந்து அவர் மூஞ்சியிலதான் விழும்.”

மாதேஸ்வரன் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“ராஜாவ இறக்குங்க சார். அம்பத்தெட்டு உண்மையான நம்பர்.”

“அறுபத்தேழ விட்டுட்டு அம்பத்தெட்ட எதுக்கு எடுத்தேன்னு கேப்பாங்களே. கண்ணுன்னு சொன்னா, இத்தன வருசம் டாக்டர ஏமாத்தி ஆடுனாருன்னு அந்த மனுசனுக்குப் பட்டம். சொல்லலன்னா எனக்குச் செருப்பு மாலை.” அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே எங்கள் ஊர் மேளதாளத்தோடு வந்துகொண்டிருந்தது. “பட்டை வெறுமனே குத்துறதுதானே. பசங்க எப்பவும் போல பாத்துக்குவாங்க.”

“குத்து வாங்கிக்கிட்டா சார்?”

அவர் திரும்பவில்லை. எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் லாட்ஜ் வாசலில் நின்ற செருப்பு மாலையை நினைத்தால் அந்தக் கோபத்தை முழுசாக அவர்மேல் வைக்கவும் முடியவில்லை.

கடைசியாக அவள் நயினாரைத் தேடிப் போனாள். எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாள். எதைச் சொல்லுதீங்க என்று அவன் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“எப்படி எல்லாரும் பேசி வச்சிக்கிட்டிய?”

“பேசவே இல்ல மேடம். அடிபட்டு வந்த பொறவு பயிற்சியில அந்தப் பக்கம் பந்து அவருக்குத் தெரியலன்னு பாத்துட்டு, மொதல்ல நான் போட்டேன். அதப் பாத்து அவனுவளும் போட ஆரம்பிச்சானுவ. இதுவரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் வாய தொறந்ததில்ல. தொறந்தா எப்படியும் அவரு காதுக்குப் போயிரும்.” அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். “ரோட்டுல நடக்கும்போது யாராவது ஒருத்தர் அவருக்கு இடப்பக்கம் போயிருவோம். வண்டி கிண்டி வருமில்ல.”

ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எதிரே கொங்கு வேங்கைகள். பேச்சிராஜா வெளியே பெஞ்சில் மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் மாமா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து, எங்களுக்கு முன்வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்.

முதல் பந்தை நயினார் எடுத்தான். வலைப் பக்கம் அரை முழம். அவன் மணிக்கட்டு சிவந்தது. இரண்டாவது பந்து, அடுத்தவன், மறுபடி சிவப்பு. எங்களுக்கு அப்போது எதுவும் தெரியாது. பலகையில் அறுபத்தேழு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, இவர்களோ ஒவ்வொரு பந்தையும் தப்பாகப் போடுகிறார்கள். பத்து நிமிடத்தில் அரங்கம் கத்த ஆரம்பித்துவிட்டது. ஏல நயினாரு, பந்த ஒழுங்கா எடுல என்று என் தொண்டையும் கிழிந்தது. விலை போயிட்டானுவ என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். அவர்கள் கையைக் குத்து வாங்கக் கொடுத்துவிட்டு, காதை எங்கள் வசவுக்குக் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் பந்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் செட் போனது. இரண்டாவதும் போனது.

மூன்றாவது செட்டின் தொடக்கத்தில்தான் அது நடந்தது. டீமில் ஜஸ்டின் என்று ஒருவன் உண்டு. முந்தைய வருடம் வந்தவன். மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. வேகமாக வந்த ஒரு பந்தை எடுக்கும்போது குத்துக்குப் பயந்து அவன் கை தானாகத் திரும்பிவிட்டது. பந்து நேராக, வெகு அழகாக ரெமியை நோக்கி வந்தது. பயிற்சிப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டலாம், அப்படி ஒரு பந்து. ரெமி கையைத் தூக்கவே இல்லை. அது அவருடைய இடது கன்னத்தில் வந்து அறைந்தது.

ரெமி கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஒன்னும் இல்ல என்று கையைக் காட்டிவிட்டு ஜஸ்டினைத் திரும்பிப் பார்த்தார். ஜஸ்டின் அழுதுகொண்டிருந்தான். அவன் மணிக்கட்டில் சிவப்பு இல்லை.

பட்டையின் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், ஆனால் அதுவரை பந்தைத்தான் பார்த்தாரே தவிர யார் கையையும் பார்க்கவில்லை. விஷயம் அவருக்குப் புரிய இன்னும் ஒரு பந்து பிடித்தது. அடுத்ததை நயினார் எடுத்தான். வழக்கம்போல வலப்பக்கம், அவர் கைக்குத் தோதாக, பூ மாதிரி வந்து இறங்கியது. ரெமி அதைத் தொடவில்லை. பந்து தரையில் விழுந்து உருண்டது. அவர் அதைப் பார்க்காமல் நயினாரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அது சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அவர் கோச்சைப் பார்த்துக் கையால் டி எழுத்துப் போட்டுக் காட்டினார். மாதேஸ்வரன் டைம் அவுட் கேட்டார்.

டைம் அவுட்டில் பேசுவதைக்கூட மைக் வைத்து ஒலிபரப்புவது லீக்கின் வழக்கம். அதனால் அடுத்து அவர்கள் பேசியதை அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம்.

“நாலு வருசமாவாலே?”

ஐந்து பேரும் மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

“நயினாரு, உன்னத்தான் கேக்கேன்.”

“அண்ணே,” என்றான் நயினார்.

“மாதான்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்,” என்றார் ரெமி. “ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போயி மெழுகுவர்த்தி ஏத்துனனேலே. ஒரு வார்த்த சொல்லப்படாதா? பிச்ச போடுதமாரி போட்டுட்டு, என்னய ராசா மாதிரி நடக்க விட்டுட்டியளே.”

அவர் கோபமாகத்தான் பேசினார். அந்தக் கோபம் நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அன்பாக இருந்தால்கூட, ஒருவனுக்குத் தெரியாமல் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தால், இறக்கிவிடும்போது அவனுக்கு வலிக்கத்தான் செய்யும்.

பிறகு அவர் மாதேஸ்வரனிடம் திரும்பினார். “ராஜாவ எறக்குங்க சார்.”

பேச்சிராஜா துண்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்தான். வந்து நின்றபோதே கழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவனுக்கு அது அவ்வளவு பழகியிருந்தது. ரெமி இரண்டு கையாலும் அவன் தாடையைப் பிடித்து நேராக நிமிர்த்தினார்.

“நேரா பாருலே. அது ஸ்டைலு இல்ல. எனக்கு அந்தக் கண்ணு தெரியாது.”

மைக் அதையும் சொன்னது. எனக்கு முன்வரிசையில் பேச்சிராஜாவின் மாமா பக்கத்தில் ஒரு சின்னப் பையன் சாய்ந்த கழுத்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் மெதுவாகக் கழுத்தை நிமிர்த்துவதைப் பார்த்தேன். அப்போதுதான் என் கழுத்தும் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

பேச்சிராஜா நன்றாகத்தான் ஆடினான். மூன்றாவது செட்டையும் நாலாவதையும் ஜெயித்தோம். அரங்கம் கத்தியது, ஆனால் முன்பு மாதிரி கத்த முடியவில்லை. ஐந்தாவது செட்டில் இரண்டு புள்ளியில் தோற்றோம். யாரும் செருப்பைக் கழற்றவில்லை. மாதேஸ்வரனைத்தான் நிர்வாகம் மறுவாரமே அனுப்பிவிட்டது, முதலிலேயே அம்பத்தெட்டை இறக்கியிருக்கலாமே என்று.

பிறகு ஒருநாள் அனுசுயா நிழல் ரெமியின் இடது கண்ணை மூடிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பந்து நேராக வந்தால் என்ன நம்பர் என்று பார்த்தாள். எட்டு. வலைப் பக்கம் அரை முழம் தள்ளி வந்தால் நாற்பத்து நாலு. எட்டுக்கும் நாற்பத்து நாலுக்கும் நடுவில் இருப்பதைத்தான் கோளாறு என்று நிழல் எழுதி வைத்திருந்தது. அதைத் திருத்தச் சொல்லி லீக்குக்கு எழுதினாள். பதில் வரவில்லை. கண் பார்க்கும் அட்டையை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அன்றைக்கு அரங்கம் காலியான பிறகு பார்த்த ஒன்றைத்தான். அனுசுயாவுக்காக வெளிவாசலில் காத்திருந்தேன். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பஸ்ஸில் ஏறினார்கள். கடைசியாக ரெமி தனியாகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குக் கொஞ்சம் பின்னால், இடப்பக்கமாக, காலடிச் சத்தம் கேட்காமல் நயினார் வந்துகொண்டிருந்தான்.

வாசலுக்கு வந்ததும் ரெமி நின்றார்.

“யாருலே அந்தப் பக்கம்?”

நயினாரும் நின்றான். “நான்தான் அண்ணே.”

“இனிமே நின்னா சொல்லிட்டு நில்லு.”

“சரிண்ணே.”

இரண்டு பேரும் இரண்டு எட்டு நடந்தார்கள்.

“இடப்பக்கம் படி இருக்குண்ணே,” என்றான் நயினார்.

“தெரியுதுலே,” என்றார் ரெமி. தெரியவில்லை. கையை நீட்டி, நயினாரின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.